பளிங்காய் அமர்ந்த இரண்டு பெண்கள்

சிலை அசையாது, கண் இமைக்காது. ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் ஒளி தேவைப்பட்ட காலத்தில் புகைப்படக்காரர்கள் சிலைகளை நாடியதற்கு அதுவும் ஒரு காரணம். கல்கத்தாவில் 1815-இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் இதைத் தலைகீழாக்கினார். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள பார்த்தினான் கோயில் சிற்பங்களைப் போல, இரண்டு பெண்களை உட்காரவைத்து 1867-இல் படம் எடுத்தார். அவர் கையாண்ட ஈரத்தகடு முறையை, மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள தானா ராத்தாவில் செய்துபார்க்க விரும்புவோருக்கு:

1. உருவை அமைத்தல்: மெல்லிய துணியை மடிப்பு மடிப்பாகப் போர்த்தி, ஒருவர்மேல் ஒருவர் சாயவையுங்கள். ஒளி ஒரு பக்கமிருந்து வரட்டும். நிழல் விழுந்தால்தான் மடிப்பு கல்லில் செதுக்கியதுபோல் எழும். பனிமூட்டம் நிழலைத் தின்றுவிடும். வெயில் தெளிந்த காலையே நல்லது.

2. தகடு பூசுதல்: கண்ணாடியைச் சுத்தமாகத் துடையுங்கள், விரல் பட்ட இடம்கூடப் படத்தில் தெரியும். கொலோடியன் என்ற பசைக்கரைசலை நடுவில் ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடும்படி சாய்த்து, மிச்சத்தைக் குப்பியில் வடியுங்கள். அதில் ஈதர் இருப்பதால் அருகில் நெருப்பு கூடாது.

3. வெள்ளிக் குளியல்: இருட்டறையில், சிவப்பு விளக்கொளியில், வெள்ளி நைட்ரேட் கரைசலில் சில நிமிடம் முக்குங்கள். கையுறை அவசியம், தோலில் பட்டால் கறுத்துவிடும்.

4. ஒளி பிடித்தல்: தகடு காயுமுன் படம் எடுத்தாக வேண்டும். இங்குள்ள குளிர் கொஞ்சம் அவகாசம் தரும். கேமரனின் படங்களுக்குப் பல நிமிடம் பிடித்தது. துல்லியத்தைத் தேடாமல், கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்திலேயே லென்ஸை நிறுத்திக்கொள்வார்.

5. கழுவுதல்: இரும்பு சல்பேட் கரைசலை ஒரே வீச்சில் ஊற்றுங்கள், தயங்கினால் கோடு விழும். உரு தெரிந்ததும் நீரில் அலசி, படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசலில் இடுங்கள். பால்போன்ற மங்கல் கரையும். பிறகு உலர்த்தி வார்னிஷ் பூசுங்கள்.

6. அச்செடுத்தல்: முட்டை வெள்ளைக்கரு பூசி வெள்ளி ஏற்றிய தாளைத் தகட்டோடு சேர்த்து வெயிலில் வையுங்கள்.

7. பெயர் எழுதுதல்: அந்த 1867 படத்தில் சிலைகளாய் அமர்ந்தவர்கள் கேமரன் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரும், சைலீனா வில்சனும் என்று இன்றும் தெரிகிறது. 1875-இல் கணவரோடு இலங்கைக்குப் போன கேமரன், அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் ஊராரையும் படம் எடுத்தார். அங்கே 1878-இல் எடுத்த ஒரு படத்துக்கு 'களுத்துறை விவசாயிகள்' என்பதே தலைப்பு. யார் பெயரும் இல்லை. உங்கள் முன் அமர்பவர் தேயிலைக் கொழுந்தெடுப்பவரானாலும், அட்டையில் முழுப்பெயரை எழுதிவிடுங்கள்.