வன்னிப் புழுதியும் வாகனத்தின் எயார் பில்டரும்

வாகனத்தை வைத்து வியாபாரம் செய்வோர் டயர், பற்றரி, எஞ்சின் ஒயில் ஆகியவற்றிற்குக் கொடுக்கும் கவனத்தை எயார் பில்டருக்குக் கொடுப்பதில்லை. சேர்விசுக்கு விட்டால் கராஜில் உள்ளவர் அதைக் கழற்றி, கொம்பிரஷரால் இரண்டு தடவை ஊதி, மீண்டும் பூட்டி விடுகிறார். உரிமையாளரும் ஒரு செலவு மிச்சம் என்று நினைத்துக் கொள்கிறார். காபட் வீதியில் மட்டும் ஓடும் கொழும்பு வாகனத்திற்கு இதனால் உடனடியாகப் பெரிய கேடு வந்துவிடாது. வன்னியில் நிலைமை வேறு. வவுனியாவில் வாகன உதிரிப்பாகக் கடையொன்றின் கவுண்டரில் நின்று இதனை நாளாந்தம் காண்பவன் என்ற வகையில் இவ்வாரம் இதுபற்றி எழுத விரும்புகிறேன்.

ஏ9 வீதியும், மாங்குளத்திலிருந்தும் பரந்தனிலிருந்தும் முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதிகளும் யுத்தத்தின் பின்னர் நன்கு புனரமைக்கப்பட்டுவிட்டன. ஆனால் எமது வியாபாரம் பிரதான வீதியுடன் முடிந்துவிடுவதில்லை. நெல் ஏற்றவும், மரக்கறி எடுக்கவும், கடைகளுக்குச் சாமான் போடவும் உள்ளே இறங்கினால் கிரவல் பாதைதான். மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரை சோளகக் காற்று வீசும் காலத்தில், முன்னால் ஒரு டிப்பர் போனால் பின்னால் வருபவருக்குப் பாதையே தெரியாது. அந்தப் புழுதியைத்தான் எஞ்சினும் சுவாசிக்கிறது.

எவ்வளவு சுவாசிக்கிறது என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. 1 லீற்றர் பெற்றோல் சரியாக எரிவதற்கு ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று தேவை. ஒரு நாளைக்கு 10 லீற்றர் எரிக்கும் வாகனம் 90,000 லீற்றர் காற்றை உள்ளே இழுக்கிறது. கிரவல் புழுதியில் இருக்கும் மணற்துகள் இரும்பையே கீறக்கூடிய கடினமானது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் அதிக ஆபத்து. அது பிஸ்டன் ரிங்கிற்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் போய், அரத்தாள் போலத் தேய்க்கிறது. பின்னர் எஞ்சின் ஒயில் குறையத் தொடங்கும், நீலப் புகை வரும், இழுவை குறையும். கடைசியில் எஞ்சினை இறக்கிச் செய்ய வேண்டிவரும். சில ஆயிரம் ரூபா பில்டருக்குப் பார்த்தவர் இலட்சக்கணக்கில் எண்ணிக் கொடுக்கும் இடம் இதுதான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 ஆரம்பத்தில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இன்று எம்மவர்களிடம் இருப்பவை பெரும்பாலும் பழைய வாகனங்கள். அவற்றின் எஞ்சினைக் காப்பாற்றுவது முதலைக் காப்பாற்றுவதற்குச் சமம்.

இங்கு ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. "பில்டர் அடைத்தால் வண்டி எண்ணெய் குடிக்கும், புதியது போட்டால் பெற்றோல் மிச்சம்" என்று விற்பவரும் சொல்கிறார், வாங்குபவரும் நம்புகிறார். இது காபரேற்றர் காலத்துப் பேச்சு. 1990களில் எரிபொருளுக்குத் தடை இருந்தபோது வன்னியில் பழைய ஒஸ்டின், மொரிஸ் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள் அல்லவா, அந்தக் கால மெக்கானிக்மாருக்கு இது அனுபவ உண்மை. காபரேற்றரில் காற்று தடைப்பட்டால் எண்ணெயின் பங்கு கூடிவிடும். ஆனால் இன்றைய இன்ஜெக்ஷன் கார்களில், வரும் காற்றைச் சென்சர் அறிந்து அதற்கேற்பவே கம்பியூட்டர் பெற்றோலை விடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் 2009இல் இதனைப் பரீட்சித்தபோது, இவ்வகைக் கார்களில் பில்டர் அடைத்தாலும் எரிபொருள் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. வேகம் எடுப்பதுதான் மந்தமாகியது. ஆகவே வெகன் ஆர், அக்சியோ வைத்திருப்பவரிடம் பெற்றோல் மிச்சம் என்று சொல்லி பில்டர் விற்பது நேர்மையான வியாபாரமல்ல. பழைய டீசல் லொறிகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் பம்ப் காற்றைக் கணக்குப் பார்ப்பதில்லை. பில்டர் அடைத்தால் டீசல் முழுமையாக எரியாமல் கறுப்புப் புகையாகப் போகும். வருமான அனுமதிப்பத்திரத்திற்காகப் புகைப் பரிசோதனைக்குப் போகுமுன் லொறிக்காரர் முதலில் பார்க்க வேண்டியது இதனைத்தான்.

இன்னொரு விடயம் பலருக்கு வியப்பாக இருக்கலாம். கொஞ்சம் அழுக்கான பில்டர் புதியதை விட நன்றாக வடிக்கும். கடதாசியில் படியும் புழுதியே அடுத்து வரும் துகளைப் பிடிக்கிறது. அளவு மீறும்போதுதான் காற்று தடைப்படுகிறது. எனவே அழுக்கான பில்டரை விட, ஓட்டை விழுந்த பில்டரும் சரியாகப் பொருந்தாத பில்டருமே எஞ்சினுக்கு எதிரி. கொம்பிரஷர் காற்றைக் கிட்டப் பிடித்து ஊதினால் கடதாசியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். பார்வைக்கு வெள்ளையாகிவிடும், ஆனால் புழுதி தாராளமாகப் போகும். ஊதித்தான் ஆகவேண்டும் என்ற அவசரத்தில் குறைந்த அழுத்தத்தில், சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கத்தை நோக்கி, தூரப் பிடித்து ஊதவும். கடதாசி பில்டரைக் கழுவவே கூடாது.

வாங்கும்போது வாகனத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே பெயரில் பல மொடல்கள், பல எஞ்சின்கள் உள்ளன. செசி இலக்கத்தைக் கொண்டு வாருங்கள், அல்லது பழையதைக் கையில் கொண்டு வாருங்கள். டொயோட்டாவின் எயார் பில்டர் இலக்கம் 17801 என்று தொடங்கும். நிசானுக்கு 16546, சுசுகிக்கு 13780, ஹொண்டாவுக்கு 17220. டொயோட்டாவில் 87139 என்று தொடங்குவது ஏ.சி. காற்றை வடிக்கும் கெபின் பில்டர். இரண்டையும் மாறி வாங்கிச் செல்வோர் இப்போதும் உண்டு.

ஜெனுவின்தான் வேண்டும் என்பதில்லை. ஜப்பானின் விக், இந்தோனேசியாவின் சகுரா போன்ற பெயர்பெற்ற கம்பனிகளின் பில்டர்கள் விலை குறைவாகவும் வேலைக்குப் போதுமானவையாகவும் உள்ளன. பயப்பட வேண்டியது பெட்டியில் மட்டும் பெயர் இருக்கும் போலிகளுக்கு. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து மடிப்புகளை எண்ணிப் பாருங்கள். மடிப்பு குறைந்தால் கடதாசி குறைவு. சுற்றிவர உள்ள இறப்பர் விரலால் அமுக்கினால் அமுங்கி மீள வேண்டும். பிளாஸ்டிக் போல விறைத்திருந்தால் அது பெட்டியோடு ஒட்டாது. டோர்ச் லைட்டை உள்ளே பிடித்தால் வெளிச்சம் ஒரே சீராகத் தெரிய வேண்டும், புள்ளியாகப் பளிச்சிடக்கூடாது. பில் வாங்க மறக்க வேண்டாம். பில் இருந்தால்தான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்திற்கு முறையிடுவதிலும் அர்த்தம் இருக்கும்.

கார்களில் மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. எஞ்சினை நிறுத்தி, பில்டர் பெட்டியின் வெளிப்புறத்தை முதலில் துடையுங்கள். துடைக்காமல் திறந்தால் மேலே இருந்த மண் உள்ளே விழும். கிளிப்புகளைக் கழற்றிப் பழையதை மெதுவாகத் தூக்கி எடுத்து, பெட்டியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைக்கவும், ஊதவேண்டாம். பின்னர், நான் எல்லோரிடமும் சொல்வது, எஞ்சினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணி சுற்றிய விரலால் தடவிப் பாருங்கள். துணி சுத்தமாக வந்தால் நல்லது. செம்மண் ஒட்டினால் பில்டரைத் தாண்டிப் புழுதி போயிருக்கிறது என்று அர்த்தம். அப்போது குழாயில் வெடிப்பு உண்டா, கிளாம்ப் தளர்ந்ததா, கிளிப் உடைந்ததா என்று தேட வேண்டும். புதிய பில்டரைப் போட்டு மட்டும் அது தீராது. புதியதை வைக்கும்போது இறப்பர் ஓரம் முழுவதும் பள்ளத்தில் அமர்ந்ததா என்று பார்த்தே கிளிப்பைப் பூட்டுங்கள். திகதியையும் கிலோமீற்றரையும் பெட்டியின் மேலேயே எழுதி விடுங்கள்.

பெரிய லொறிகளில் வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இரண்டு பில்டர்கள் இருக்கும். உள்ளே இருப்பதை ஊதக் கூடாது, மாற்றவே வேண்டும். பழைய மெஸி பேர்கசன் உழவு இயந்திரங்களில் இருக்கும் ஒயில் பில்டரில் கடதாசியே இல்லை. கிண்ணத்தில் சேறு படிந்தால் கழுவி, கோடு வரை புதிய ஒயில் ஊற்றினால் போதும். கோட்டைத் தாண்டி ஊற்றினால் எஞ்சின் அந்த ஒயிலை இழுத்துவிடும்.

எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை என்று பலரும் கேட்கிறார்கள். கைநூலில் உள்ள கணக்கு சாதாரண வீதிக்கு உரியது. புழுதி வீதிக்கு அந்த நூலிலேயே தனிக் குறிப்பு இருக்கும், அதைப் பாருங்கள். கிரவலில் ஓடும் வாகனத்தை ஒவ்வொரு ஒயில் மாற்றத்தின்போதும் பார்த்து, சோளகம் முடியும் ஒக்டோபரில் புதியது போடுவது என் கணக்கு. நெல் களஞ்சியத்தில் நிறுத்தும் வாகனங்களுக்கு வேறு தொல்லையும் உண்டு: எலி பெட்டிக்குள் புகுந்து கடதாசியை அரித்துவிடும். மாரியில் வெள்ளம் பாயும் இடத்தைக் கடந்து எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் சாவியைத் திருப்ப வேண்டாம். முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள். பில்டர் நனைந்திருந்தால் நீர் உள்ளே போயிருக்கலாம், மெக்கானிக் வரும்வரை வாகனம் அங்கேயே நிற்கட்டும்.