சுயநல சாஸ்திரமும் சகதர்மிணியும்

தமிழில் ஒருவரை வைவதற்கு எத்தனையோ வார்த்தைகள் இருக்கின்றன. ஆனால் குடும்பத்துக்குள்ளே, அண்ணன் தம்பிகளுக்கிடையிலும் புருஷன் மனைவிக்கிடையிலும், மனத்தை மிகவும் சுடக்கூடிய வார்த்தை "சுயநலம்" என்பதுதான். "சுத்த சுயநலக்காரன்" என்று ஒருவனைப் பற்றிச் சொல்லிவிட்டால், அப்பால் அவனைப் பற்றிச் சொல்லவேண்டியது ஒன்றும் பாக்கியிராது. அதற்கு எதிர்ப்பதமான தியாகத்தையோ நாம் கோயில் கட்டாத குறையாகக் கும்பிடுகிறோம். தேச விடுதலைக்காகச் சிறை புகுந்தவர்களுக்கு நம் ஜனங்கள் மனமுவந்து அளித்த பட்டம் "தியாகி" என்பதேயல்லவா?

இப்படிப்பட்ட வீடு ஒன்றில், "சுயநலமே தர்மம், தியாகம் தர்மமன்று" என்று சொல்லும் புத்தகத்தைக் கணவர் படித்துவிட்டு, அதைத் தம் மனைவிக்கும் உபதேசிக்கத் தொடங்கினால் என்ன நடக்கும்? "நன்றாயிருக்கிறது! இத்தனை வருஷமாக அதைத்தானே செய்துகொண்டு வருகிறீர்கள்? அதற்கு ஒரு சாஸ்திரம் வேறு வேண்டுமா?" என்று அந்த அம்மாள் கேட்கக்கூடும். கேட்டால் அது நியாயமான கேள்வி என்பதே நம் அபிப்பிராயம். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாதவர் அந்தப் புத்தகத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சித்தாந்தத்தை இருபதாம் நூற்றாண்டில் பிரசித்தமாக்கியவர் ஒரு ஸ்திரீ. அயன் ராண்ட் என்னும் அந்த அம்மையார் 1905-ம் வருஷம் ருஷ்யாவிலுள்ள ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். தகப்பனார் மருந்துக்கடை வைத்திருந்தார். போல்ஷ்விக் புரட்சிக்குப் பிறகு அந்தக் கடை பொதுநலத்தின் பெயரால் பறிமுதலாயிற்று. "பொதுநலம்" என்னும் சொல்லைக் கேட்டாலே அம்மையாருக்கு ஏன் அத்தனை ஆத்திரம் வந்தது என்பதற்கு இந்த ஒரு சம்பவமே போதுமான விளக்கமாகும். 1926-ம் வருஷத்தில் அவர் அமெரிக்கா சென்றார். அங்கே சினிமாவுக்குக் கதை எழுதப் பிரயத்தனம் செய்து, பிறகு நாவலாசிரியையாகப் பெயர் பெற்றார். 1943-ல் "தி பவுண்டன்ஹெட்" என்ற நாவலும், 1957-ல் "அட்லஸ் ஷ்ரக்ட்" என்ற மிகப் பெரிய நாவலும் வெளிவந்தன. 1964-ல் வந்த கட்டுரைத் தொகுதிக்குச் "சுயநலம் என்னும் நற்குணம்" என்று பொருள்படும் தலைப்பையே சூட்டினார். படிக்கிறவர்கள் திடுக்கிட வேண்டும் என்பது அவர் நோக்கம். திடுக்கிட்டார்கள், புத்தகங்களும் லட்சக்கணக்கில் விற்றன.

அம்மையார் சொல்வது என்ன?

அயன் ராண்டின் கொள்கையைச் சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறோம். ஒவ்வொரு மனிதனுடைய வாழ்வும் அவனுக்கே உரிய லட்சியம்; பிறருடைய காரியத்துக்கு அவன் வெறும் கருவியல்ல. அவனுக்கு வழிகாட்டி பகுத்தறிவு ஒன்றே. ஆசையும் ஆத்திரமும் வழிகாட்டிகள் அல்ல. ஆகையால் மனம்போனபடி நடப்பதும், பிறரை ஏமாற்றுவதும், பிறர் பொருளைப் பறிப்பதும் சுயநலமே ஆகா; அவை தன்னைத் தானே கெடுத்துக்கொள்ளும் மடமை. நல்ல வியாபாரிகள் இருவர், ஒருவரையொருவர் மோசம் செய்யாமல், கொடுத்தும் வாங்கியும் இருவருமே லாபமடைகிறார்கள் அல்லவா? மனிதர் உறவு அவ்விதம் இருக்கவேண்டும் என்கிறார். ஒருவரையும் பலாத்காரம் செய்யக்கூடாது என்பது இந்தச் சாஸ்திரத்தின் கண்டிப்பான விதி.

இதைக் கேட்டதும் மனைவி, "அப்படியானால் நான் படுத்த படுக்கையாய்க் கிடந்தால் என்ன செய்வீர்கள்? லாப நஷ்டக் கணக்குப் பார்ப்பீர்களோ?" என்று கேட்கலாம். இந்தக் கேள்வியை அம்மையாரே எடுத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார். ஒருவன் தன் அருமை மனைவியின் கொடிய வியாதியைத் தீர்ப்பதற்காகத் தன் ஆஸ்தி முழுவதையும் செலவழிக்கிறான். இது தியாகமா? இல்லவே இல்லை என்கிறார் அவர். அந்த மனிதனுக்கு ஆஸ்தியைவிட மனைவி பெரியவள். அவள் உயிரோடிருப்பது அவனுடைய சொந்த சந்தோஷத்துக்கு அவசியம். சிறியதைக் கொடுத்துப் பெரியதைப் பெற்றான். அவளைச் சாகவிட்டு, அந்தப் பணத்தைக் கொண்டு தனக்கு எவ்விதத்திலும் சம்பந்தமில்லாத பத்துப் பெண்களைக் காப்பாற்றியிருந்தால் அதுவே தியாகம். அப்படிச் செய்யும்படி எந்தத் தர்மமும் அவனுக்குக் கட்டளையிடலாகாது என்பது அவர் வாதம்.

இன்னொரு உதாரணமும் உண்டு. பசித்த குழந்தைக்கு ஆகாரம் வாங்கும் தாயார், தனக்குத் தொப்பி வாங்கிக்கொள்ளாமல் விட்டால், அது தியாகமன்று. தொப்பியைவிடக் குழந்தை அவளுக்கு உயர்ந்தது. நம் ஊரில் தொப்பி என்பதற்குப் பதிலாகப் பட்டுப்புடவை என்று வைத்துக்கொண்டால் விஷயம் விளங்கும். தன் சுதந்திரத்துக்காகப் போராடி உயிர்விடுகிறவனும் தியாகம் செய்தவனல்ல என்கிறார். அடிமையாய் வாழ அவனுக்குச் சம்மதமில்லை, அவ்வளவுதான். இதை யோசித்துப் பார்த்தால் அதில் ஓர் உண்மை இருக்கிறது. சிறை சென்ற நம் தேசபக்தர்களில் எத்தனையோ பேர், "நான் என்ன ஐயா தியாகம் செய்தேன்? என்னால் சும்மா இருக்க முடியவில்லை" என்று சொல்லக்கூடியவர்கள்தாம். அவர்கள் அடக்கத்துக்காக அவ்விதம் சொன்னார்கள் என்று நாம் நினைக்கிறோம். உள்ளதைச் சொன்னார்கள் என்று அயன் ராண்ட் நினைப்பார்.

ஆக்ஷேபங்கள்

இவ்வளவும் கேட்ட பிறகும் சகதர்மிணிக்குச் சந்தேகம் தீராமலிருந்தால் அதில் ஆச்சரியமில்லை. "அன்புள்ள இடத்தில் உங்கள் சாஸ்திரம் சரிதான். அன்பு குறைந்துபோன இடத்தில்?" என்று அவர் கேட்பார். பெற்ற குழந்தைகளைப் பற்றி இந்தக் கொள்கையினர் விடை சொல்வார்கள்: குழந்தை தானாக வந்து பிறந்ததல்ல, பெற்றோர் தாமே ஏற்றுக்கொண்ட பொறுப்பு, ஆகையால் அதை வளர்த்து ஆளாக்கக் கடமைப்பட்டவர்கள். ஆனால் வாதத்தால் கைகால் விழுந்து பத்து வருஷமாகப் படுத்திருக்கும் மாமியார் இருக்கிறார். நல்ல நாளிலேயே மருமகளிடம் ஒரு நல்ல வார்த்தை பேசாதவர். கொடுக்கல் வாங்கல் கணக்கில் அவரிடமிருந்து வரவேண்டியது ஒன்றும் இல்லை. அவருக்குக் கஞ்சி ஊட்டுவது எதற்காக? "உனக்கு இஷ்டமானால் செய், கடமை என்று எண்ணிச் செய்யாதே" என்பதற்கு மேல் இந்தச் சித்தாந்தம் அதிகமாக ஒன்றும் சொல்வதில்லை. அந்தப் பதிலைக் கேட்டால் கிழவிக்குக் கஞ்சி கிடைக்குமா என்பது சந்தேகமே. இந்த இடத்தில் மனைவியின் கட்சிதான் பலமானது என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் அதே உதாரணத்தில் கணவரும் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பத்து வருஷமாகக் கஞ்சி ஊட்டியவர் யார்? கிழவியின் குமாரரா, மருமகளா? நம் குடும்பங்களில் தியாகத்தைப் புகழ்கிறவர்கள் ஒருவராகவும், தியாகம் செய்கிறவர்கள் வேறொருவராகவும் இருப்பது வழக்கமாகிவிட்டது. "ஒவ்வொருவருடைய வாழ்வும் அவரவருக்கே உரியது" என்று படித்த கணவர், அந்த "ஒவ்வொருவர்" என்பதில் எதிரே நிற்கும் தம் மனைவியும் அடக்கம் என்பதை முதலில் உணரவேண்டும். புத்தகத்தை அவர் சாய்வு நாற்காலியில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்த நேரத்தில் அடுப்படியில் வெந்துகொண்டிருந்தவர் யார் என்று ஒரு கணம் யோசித்தாரானால், பிரசங்கத்தை வேறு மாதிரி தொடங்குவார். "சுயநலம் நற்குணம்" என்பதை விட்டுவிட்டு, "உனக்கென்று என்ன ஆசை இருக்கிறது? இத்தனை நாளும் நான் கேட்கவில்லையே!" என்று ஆரம்பிப்பார். சந்தேகப் பிராணியான மனைவிக்கு இந்தத் தத்துவத்தை அறிமுகப்படுத்த இதைவிட நல்ல முகவுரை கிடையாது.

மைத்ரேயி கேட்டாள்

கணவன் மனைவிக்குத் தத்துவம் சொல்வது நம் நாட்டுக்குப் புதிதல்ல. பிருஹதாரண்யக உபநிஷத்தில் யாக்ஞவல்கியர், சந்நியாசம் வாங்கிக்கொள்ளுமுன் தம் சொத்தை மைத்ரேயி, காத்யாயனி என்னும் இரு மனைவியருக்கும் பங்கிட முற்படுகிறார். மைத்ரேயி, தன்னை அமரத்துவம் பெறச் செய்யாத செல்வம் தனக்கு எதற்கு என்று வினவுகிறாள். அதன் பேரில்தான் ரிஷி உபதேசிக்கிறார்: கணவனாயினும் மனைவியாயினும் மக்களாயினும், அவரவர் நமக்குப் பிரியமாயிருப்பது ஆத்மாவின் பொருட்டே என்கிறார். அவர் சொன்ன ஆத்மா வேறு. அமெரிக்க அம்மையார் சொன்ன "நான்" வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பவேண்டாம். நாம் கவனிக்கவேண்டியது உபதேசம் நடந்த விதத்தை. மைத்ரேயி கேட்டாள்; அதனால் சொன்னார். நடுவில் அவள், "என்னைக் குழப்பிவிட்டீர்கள்" என்று ஆக்ஷேபித்தாள். அதற்கும் பொறுமையாக விடை சொன்னார். கேட்காத காத்யாயனியை உட்கார்த்திவைத்து அவர் பிரசங்கம் செய்ததாகக் காணோம்.

பிராங்க் ஓ'கானரின் கதை

அயன் ராண்டுக்கும் ஒரு சகதர்மர் இருந்தார். பிராங்க் ஓ'கானர் என்ற நடிகர். ஏசுநாதருடைய சரித்திரத்தைக் கூறும் ஒரு மௌனப் படத்தில் இருவரும் சிறு வேஷம் போட்டபோது சந்தித்தார்கள். தெய்வ நம்பிக்கையில்லாத அம்மையாருக்கு வரன் அங்கே கிடைத்தது விந்தைதான். 1929-ல் விவாகம் நடந்தது. ஓ'கானர் அதிகம் பேசாதவர். வாதம் செய்கிறவரும் அல்லர். "தி பவுண்டன்ஹெட்" எழுதிவந்த காலத்தில் ஒரு நாள் இரவு அம்மையார் அடியோடு மனமுடைந்துபோனார். அன்றிரவு கணவர் மணிக்கணக்காகப் பேசித் தேற்றியதையும், அதன் பிறகு தாம் அந்த மாதிரி சோர்வடையவில்லை என்பதையும், அந்த நாவலின் இருபத்தைந்தாவது ஆண்டுப் பதிப்புக்கு 1968-ல் எழுதிய முன்னுரையில் நன்றியுடன் குறிப்பிட்டிருக்கிறார். நாவலும் கணவருக்கே சமர்ப்பணம். பன்னிரண்டு பிரசுராலயங்கள் திருப்பியனுப்பிய அந்தப் புத்தகத்தின் பின்னால், தத்துவம் பேசாத ஒரு மனிதரின் கரிசனம் நின்றது.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். 1950-ல் நாதானியல் பிராண்டன் என்ற இளைஞர் சிஷ்யராக வந்து சேர்ந்தார். அம்மையாரைவிட இருபத்தைந்து வயது இளையவர். அவர் பார்பரா என்பவரை 1953-ல் மணந்தார். சில வருஷங்களுக்குள் குருவுக்கும் சிஷ்யருக்கும் நேசம் முறைகடந்தது. அவர்கள் அதை ஒளிக்கவில்லை. இருவருடைய தர்மபதிக்கும் தர்மபத்தினிக்கும் காரண காரியங்களோடு எடுத்துச் சொல்லி, இது பகுத்தறிவுக்கு ஒத்ததே என்று விளக்கி, சம்மதம் பெற்றார்கள். பார்பரா 1986-ல் வெளியிட்ட அயன் ராண்டின் சரித்திரத்தில் இவற்றையெல்லாம் விவரித்திருக்கிறார். சம்மதித்தவர்கள் இருவரும் அதனால் பட்ட வேதனையையும் சொல்லியிருக்கிறார். 1968-ல் குருவும் சிஷ்யரும் பெரும் மனஸ்தாபத்துடன் பிரிந்தார்கள். அம்மையார் தம் பத்திரிகையில் பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். ஆனால் உண்மையான காரணத்தை மட்டும் எழுதவில்லை. ஓ'கானர் 1979-லும், அம்மையார் 1982-லும் காலமானார்கள்.

பிறர் வீட்டு விவகாரத்தைக் கிளறுவதற்காக இதை நாம் எழுதவில்லை. வாதத்தில் தோற்றவர் மனத்திலும் சம்மதித்துவிட்டார் என்று எண்ணுவது எவ்வளவு பெரிய பிசகு என்பதற்காகவே சொல்கிறோம். பலாத்காரம் கூடாது என்பது இந்தச் சாஸ்திரத்தின் முதல் விதி. கையால் அடிப்பது மாத்திரம் பலாத்காரமா? பேச்சுத் திறமையுள்ளவர், பேசத் தெரியாத தம் துணைவரை நியாயங்களால் நெருக்கி மூலையில் நிறுத்துவதும் ஏறக்குறைய அதுவே. ஓ'கானர் "முடியாது" என்று சொல்லியிருக்கலாம். அவ்விதம் சொல்ல அவருக்கு அந்த வீட்டில் இடமிருந்ததா என்பதுதான் கேள்வி.

ஆகையால், இந்தப் புத்தகங்களைப் படித்துப் பரவசமடைந்திருக்கும் நேயர்களுக்கு, அவர்கள் கணவரானாலும் மனைவியானாலும், நாம் சொல்லக்கூடியது இதுதான். புத்தகத்தை மேஜைமேல் வையுங்கள், கேட்டால் சொல்லுங்கள். ஆக்ஷேபம் வந்தால் அதை அறியாமை என்று தள்ளாதீர்கள். மாமியாரின் கஞ்சியைப் போல் உங்கள் தத்துவத்துக்கு எட்டாத விஷயம் அதில் இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது இன்னது என்று ஒளிக்காமல் சொல்லப் பழகுங்கள். எதிராளிக்கு வேண்டியது என்ன என்று கேட்கவும் பழகுங்கள். பிறகு வீட்டு வேலைகளை ஒரு காகிதத்தில் எழுதி, யார் யார் எதைச் செய்கிறோம் என்று இருவருமாகப் பாருங்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகும் கணவருக்குச் சுயநல சாஸ்திரத்தில் அபிமானம் குறையாமலிருந்தால், மனைவியும் அந்தப் புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பிப்பார் என்பதில் சந்தேகமில்லை.