சட்டைக்கும் ஒரு டீமேக்கர்

வீட்டில் அடிக்கடி உடுத்தும் டி-சர்ட் ஒன்றை எடுத்து மேசையில் விரியுங்கள். பக்கத் தையலைப் பாருங்கள். வாங்கியபோது அக்குளிலிருந்து நேராக இடுப்புக்கு இறங்கிய தையல், நாலைந்து தடவை துவைத்த பிறகு வயிற்றுப் பக்கமாகக் கோணியிருக்கலாம். தைத்தவரின் கை அதைக் கோணலாக்கவில்லை. நூலில் இருந்த முறுக்கு தண்ணீர் பட்டதும் தளர்ந்து, துணியையும் தன்னோடு திருப்பிவிட்டது. ஒரு கயிற்றை இறுக முறுக்கிக் கையை விட்டால் அது எதிர்ப்பக்கமாகச் சுழலும் அல்லவா? சட்டைக்குள் நடந்ததும் அதுதான்.

இந்தக் கோணலைத் துணி வெட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்துச் சொல்ல ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கார்மண்ட் டெக்னாலஜிஸ்ட் என்று பெயர். தமிழில் ஆடைத் தொழில்நுட்பவியலாளர் எனலாம்.

பண்டாரவளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் 'கார்மண்ட் வேலை' என்றால் மெஷினில் உட்காருவது என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைக் கொண்டுவந்து, இந்த வேலையை நாட்டுப்புறங்களுக்கு நகர்த்தினார். இன்று இலங்கையின் பொருள் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் ஆடையிலிருந்து வருகிறது. ஆனால் மெஷின் ஓடத் தொடங்குவதற்கு முன் நடக்கும் வேலை நம் கண்ணில் படுவதில்லை. அந்த வேலையைத்தான் இப்போது ஒவ்வொரு படியாகத் திறந்து பார்க்கப்போகிறோம்.

தேயிலை ஸ்டோரை நினைத்துக்கொள்ளுங்கள். கொழுந்து எல்லா நாளும் ஒரே மாதிரி வராது. மழை நாளில் வரும் கொழுந்தில் தண்ணீர் கூடுதல். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை ஊவாவில் வறண்ட காற்று வீசும்போது வரும் கொழுந்து வேறு. இன்றைய கொழுந்தை எவ்வளவு நேரம் வாட்டுவது, எப்படி அரைப்பது, எப்போது சூடு காட்டுவது என்று முடிவெடுப்பவர் டீமேக்கர். கொழுந்து பறிப்பவர் வேறு, தூளை ஏலத்தில் விற்பவர் வேறு. இரண்டுக்கும் நடுவில் நின்று, இந்தக் கொழுந்து எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்து வைத்திருப்பது அவர் வேலை. துணிக்கு அப்படி நிற்பவர்தான் டெக்னாலஜிஸ்ட்.

முதலில், குறிப்பு எழுதுதல்

அம்மாயியிடம் ரொட்டிக்கு அளவு கேட்டால், "ஒரு கை தேங்காய்ப்பூ, கொஞ்சம் உப்பு, தண்ணி தெளிச்சுப் பிசை" என்பார். அடுப்பங்கரையில் அவர் பக்கத்திலேயே நிற்பதால் அது போதும். ஆனால் சட்டையை லண்டனில் ஒருவர் வரைகிறார், இலங்கையில் நாற்பது பேர் சேர்ந்து தைக்கிறார்கள். பக்கத்தில் நின்று கேட்க ஆளில்லை. ஆகவே எல்லாவற்றையும் எழுத வேண்டும். அந்தக் குறிப்புக் கட்டுக்கு டெக் பேக் என்று பெயர்.

அதில் சட்டையின் படம், துணி, நூல், எந்த இடத்துக்கு எந்தத் தையல், லேபிள் எங்கே என எல்லாம் இருக்கும். அளவுப் பட்டியலும் இருக்கும். "மார்பு 50 செ.மீ." என்று மட்டும் எழுதினால் ஆளுக்கொரு இடத்தில் அளப்பார்கள். ஆகவே "அக்குளுக்கு 2.5 செ.மீ. கீழே, ஒரு பக்கத் தையலிலிருந்து மறுபக்கத் தையல் வரை" என்று எழுத வேண்டும். பிறகு, எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதையும் சொல்ல வேண்டும். குழம்பில் உப்பு ஒரு சிட்டிகை கூடினால் யாருக்கும் தெரியாது, ஒரு கரண்டி கூடினால் பானையே வீண். மார்பில் 1 செ.மீ. சிட்டிகை மாதிரி. அதே 1 செ.மீ. கழுத்துப் பட்டியின் அகலத்தில் கரண்டி மாதிரி.

பிறகு, மாவைத் தெரிந்துகொள்ளுதல்

வறுத்த மாவுக்கு ஊற்றும் தண்ணீரைப் பச்சை மாவுக்கு ஊற்றினால் இடியப்பம் வராது. உரலைத் திட்டிப் பயனில்லை, மா வேறு. துணியும் அப்படித்தான்.

முதல் சோதனை எடை. வட்டமாக வெட்டும் ஒரு சிறு கருவியைத் துணிமேல் வைத்து அழுத்தித் திருப்புவார்கள். சரியாக 100 சதுர செ.மீ. உள்ள துண்டு கையில் வரும், ஏறத்தாழ ஒரு தேத்தண்ணிச் சாசர் அளவு. அதைத் தராசில் வைத்தால் 1.6 கிராம் காட்டுகிறது என்று வையுங்கள். நூறால் பெருக்கினால், ஒரு சதுர மீற்றர் 160 கிராம். கேட்டது 180 கிராம் துணி என்றால், இது மெல்லியது. வெளிச்சத்தில் உடம்பு தெரியலாம்.

அடுத்தது சுருக்கம். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து போட்டால்தான் ஒரு கிலோ தூள் கிடைக்கும் என்பது தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரியும். துணி அவ்வளவு சுருங்காது, ஆனால் சுருங்கும். துணியில் 50 செ.மீ. நீளத்துக்குக் குறி போட்டு, துவைத்துக் காயவைத்து மறுபடி அளப்பார்கள். 47.5 செ.மீ. வந்தால் 5 சதவீதச் சுருக்கம். சட்டை துவைத்த பின்னும் 70 செ.மீ. நீளம் நிற்க வேண்டுமானால், 70ஐ 0.95ஆல் வகுத்து 73.7 செ.மீ. வைத்து வெட்ட வேண்டும். தையலுக்கும் மடிப்புக்கும் விடும் துணி அதற்கு மேல்.

கோணலும் இங்கேதான் பிடிபடும். அப்போது டெக்னாலஜிஸ்ட் துணி ஆலையோடு பேசுகிறார். நூலின் முறுக்கைக் குறைக்கலாமா, இரண்டு இழைகளை எதிர்முறுக்கில் சேர்த்த நூல் போடலாமா என்று கேட்கிறார். தையல் மேசைக்கு வந்த பிறகு இதைத் திருத்த வழியில்லை.

நிறத்தையும் பார்க்க வேண்டும். கடையில் டியூப் லைட்டுக்குக் கீழே பார்த்து எடுத்த சேலை, வீதிக்கு வந்ததும் வேறு நிறமாகத் தெரிவது நமக்குப் பழக்கம். ஆகவே ஒரு பெட்டிக்குள் பகல் வெளிச்சம், கடை வெளிச்சம் என மாற்றி மாற்றிப் போட்டு, சட்டையின் உடலும் கையும் எல்லா வெளிச்சத்திலும் ஒன்றுபோல நிற்கின்றனவா என்று பார்ப்பார்கள்.

மூன்றாவதாக, வெட்டும் திசை

வாழையிலையை நரம்போடு கிழித்தால் நேராகக் கிழியும். நரம்புக்குக் குறுக்கே இழுத்தால் பிய்ந்து கோணும். துணிக்கும் நூல் ஓடும் ஒரு திசை உண்டு. பேட்டர்ன் தாளில் அம்புக்குறி போட்டிருப்பது அதற்குத்தான். துணி மிச்சம் பிடிக்க அந்தத் தாளைச் சற்றுச் சாய்த்து வைத்தால், வெட்டும்போது இலாபம். உடுத்தும்போது ஒரு கால் முறுக்கிக்கொள்ளும், ஒரு பக்கம் தொங்கும். எவ்வளவு சாய்க்கலாம், எங்கே சாய்க்கவே கூடாது என்று சொல்பவர் டெக்னாலஜிஸ்ட்.

நான்காவதாக, உடுத்திப் பார்த்தல்

சோற்றுப் பார்சலை வாழையிலையில் சுற்றிக் கட்டுங்கள். எங்கே கட்டு இறுகியிருக்கிறதோ, அந்த இடத்தை நோக்கியே சுருக்கங்கள் ஓடும். சட்டையும் அப்படித்தான் பேசும். அக்குளிலிருந்து நெஞ்சுப் பக்கம் கோடு ஓடினால், இறுக்கம் அக்குள் பக்கம். பின் கழுத்துக்குக் கீழே குறுக்கே துணி மடிந்து நின்றால், அங்கே துணி கூடுதல்.

நேராக நிற்கும் உடம்பில் மட்டும் பார்த்தால் போதாது. கையைத் தூக்கச் சொல்ல வேண்டும், குனியச் சொல்ல வேண்டும். நாள் முழுவதும் நிரையில் நின்று கையை முன்னால் நீட்டிக் கொழுந்து பறிக்கும் ஒருவருக்கு, முதுகில் இழுக்கும் சட்டை என்னென்ன செய்யும் என்று நம் அம்மாமாரைக் கேட்டால் சொல்வார்கள். உடம்பு அசையத்தான் உடுப்பு என்ற அறிவு இந்த வேலையின் நடுநரம்பு.

ஐந்தாவதாக, அளவு பெருக்குதல்

ஐந்து பேருக்கு வைத்த சோற்றையும் குழம்பையும் ஐம்பது பேருக்கு வைக்கும்போது எல்லாவற்றையும் பத்தால் பெருக்குகிறோமா? அரிசியைப் பெருக்கலாம். உப்பு, மிளகாய், புளியை அப்படிப் போட்டால் வாயில் வைக்க முடியாது. சிறிய சட்டையைப் பெரிதாக்குவதும் இதே கணக்கு. ஓர் அளவிலிருந்து அடுத்த அளவுக்குப் போகும்போது மார்புச் சுற்றளவு 4 அல்லது 5 செ.மீ. கூடினால், கழுத்துச் சுற்றளவு 1 செ.மீ. அளவில்தான் கூடும். மார்பைப் போலவே கழுத்தையும் பெருக்கினால், பெரிய அளவுச் சட்டை தோளில் நிற்காமல் நழுவும்.

ஆறாவதாக, தையல்

அரிசிச் சாக்கைப் பிரித்திருப்பீர்கள். சரியான முனையில் சரியான நூலைப் பிடித்து இழுத்தால் வாய் முழுவதும் சரசரவென்று திறக்கும். அது சங்கிலித் தையல். சாக்குக்கு அது வசதி. அதே தையல் காற்சட்டையில் முனை கட்டப்படாமல் இருந்தால், நடுவீதியில் மானம் போகும்.

நாம் 'ஜூகி மெஷின்' என்று சொல்லும் ஒற்றை ஊசி மெஷினில் மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். பலமான தையல்தான், ஆனால் அதிகம் இழுபடாது. ஆகவே டி-சர்ட்டின் கழுத்தை அதில் தைத்தால், தலையை நுழைத்ததும் நூல் 'டப்' என்று அறும். அந்த இடத்துக்கு இழுபடும் ஓவர்லொக் தையல் வேண்டும். ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பதும் முக்கியம். மிகக் குறைந்தால் தையல் வாய் பிளக்கும். மிகக் கூடினால், தபால் முத்திரையின் ஓரம் மாதிரி துளைத் துளையாகி, துணி அந்தக் கோட்டோடு கிழியும்.

ஏழாவதாக, முதல் ரொட்டியும் முழுப் பானையும்

முதல் ரொட்டி கல்லின் சூட்டைச் சொல்லும். அதற்குப் பிறகுதான் மற்றவற்றைத் தட்டிப் போடுகிறோம். ஆகவே இங்கேயும் முதலில் ஒரு மாதிரி, பிறகு திருத்திய மாதிரி, பிறகு எல்லா அளவிலும் ஒவ்வொன்று. கடைசியில் உண்மையான துணியில், உண்மையான மெஷினில் தைத்த ஒன்றை ஏற்று முத்திரை போட்டு வைப்பார்கள். அதன்பின் வரும் ஆயிரக்கணக்கான சட்டைகளை அதோடு ஒப்பிடுவார்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே பானை, ஒரே தீ என்பதால் அது சரி. ஆனால் 3000 சட்டைகள் பல கைகளில், பல மெஷின்களில் வெந்தவை. ஆகவே வழக்கமான சோதனை முறையில் 125 சட்டைகளை எடுத்துப் பார்க்கிறார்கள். 2.5 என்ற தர எல்லை வைத்திருந்தால், 7 பிழை வரை ஏற்பு. எட்டாவது வந்தால் முழுத் தொகுதியும் நிற்கும்.

அப்படியானால் யார் என்ன செய்கிறார்கள்?

ஒரு விருந்து வீட்டை நினையுங்கள். என்ன சமைக்கலாம் என்று கனவு காண்பவர் டிசைனர். சந்தைக்குப் போய் விலை பேசி, நேரத்துக்குள் சாமானைக் கொண்டுவருபவர் மேர்ச்சண்டைசர். இலையில் வைக்குமுன் ருசி பார்ப்பவர் தரப் பரிசோதகர். இந்தக் குழம்பு ஏன் புளிக்கும், புளிக்காமல் எப்படி வைப்பது என்று அடுப்பு மூட்டும் முன்பே சொல்பவர் டெக்னாலஜிஸ்ட்.

ஆகவே அவருக்கு வேண்டிய திறமைகள் என்ன? சரியாக அளக்க வேண்டும். துணியைத் தொட்டு அறிய வேண்டும். சதவீதக் கணக்கு தடுமாறக் கூடாது. "இது சரிவராது" என்று மேலிடத்துக்குக் காரணத்தோடு சொல்லும் துணிவு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தெளிவாக எழுத வேண்டும். "கழுத்து சரியில்லை" என்று எழுதினால் யாருக்கும் உதவாது. "துவைத்தபின் கழுத்து 1 செ.மீ. அகன்றது. பட்டியை 1.5 செ.மீ. குறைத்து வெட்டி, சீராக இழுத்துத் தைக்கவும்" என்று எழுதினால் நாளைக் காலை மெஷின் ஓடும்.

படிக்க வழிகள் உண்டு. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்குப் பொறியியல் பட்டம் இருக்கிறது. இரத்மலானையில் உள்ள 'ஸ்லிட்டா' நிறுவனம் ஆடைத் தொழிலுக்கென்றே பாடங்கள் நடத்துகிறது. மெஷினிலிருந்து மாதிரி தைக்கும் அறைக்கும், அங்கிருந்து பேட்டர்ன் மேசைக்கும் ஏறுவது இன்னொரு பாதை. லயத்திலிருந்து போய் ஐந்து வருடம் மெஷினில் இருந்த ஒரு பிள்ளைக்கு, எந்தத் துணி ஊசிக்குக் கீழே வழுக்கும், எது இழுபடும் என்று விரலுக்குத் தெரியும். அந்த அறிவைப் பள்ளிக்கூடத்தில் வாங்க முடியாது. மிச்சம் இருப்பது, விரலுக்குத் தெரிந்ததை எண்ணாக்கி, காரணம் சேர்த்து, தாளில் எழுதுவது. கொஞ்சம் ஆங்கிலமும் வேண்டும். இரண்டும் பழகினால் வருபவை.

பழக இன்றே தொடங்கலாம். மேசையில் அந்த டி-சர்ட் இன்னும் கிடக்கிறது. அளவு நாடாவை எடுங்கள். கீழ் விளிம்பில் தையல் எத்தனை செ.மீ. முன்னால் வந்திருக்கிறது என்று அளங்கள். 4 செ.மீ. என்று வையுங்கள். பக்கத் தையலின் நீளம் 40 செ.மீ. என்றால், கோணல் 10 சதவீதம். 5 சதவீதத்துக்கு மேல் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. இப்போது ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன நடந்தது, எவ்வளவு, ஏன். நீங்கள் எழுதிய முதல் டெக்னிக்கல் குறிப்பு அது.