கரிசலில் இறங்கும் ஜாக்கி

பின் பிரேக் காலிபரை வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்ளலாமா? தாராளமாக. டி. கல்லுப்பட்டி, கைத்தொழிலை மதித்த ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தைக் கழித்த ஊர். இங்கே வந்து, ‘பேசாமல் ஒர்க் ஷாப்பில் விட்டுவிடுங்கள்’ என்றால் எடுபடாது. ஒர்க் ஷாப்காரர்களுக்கு இதில் வேறு கருத்து உண்டு, இருக்கத்தானே செய்யும்.

முன்பக்கம் பழகிய கைதான் பின்பக்கத்தில் ஏமாறும். ஹேண்ட் பிரேக் கேபிள் வந்து சேரும் பின் காலிபர்கள் பலவற்றில் பிஸ்டனைச் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். முன்பக்கம் போல வெறுமனே அமுக்கினால் உள்ளே இருக்கும் மரை போய்விடும். இடது, வலது மாறிப் பூட்டினாலும் வம்புதான். காற்று எடுக்கும் நிப்பிள் கீழே போய்விடும். காற்றோ மேலேயே தங்கிவிடும். எத்தனை முறை பிளீடிங் செய்தாலும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். பட்டன் ஹேண்ட் பிரேக் வண்டி என்றால் ஸ்கேனர் இல்லாமல் தொடாதீர்கள்.

ஆனால் என் கவலை காலிபரில் இல்லை, தரையில். கேபிளைக் கழற்ற ஹேண்ட் பிரேக்கை விட்டாக வேண்டும். அப்புறம் வண்டியைப் பிடித்திருப்பது கியரும் முன் சக்கரத்துக்கு வைத்த கல்லும்தான். கீழே இருப்பதோ கரிசல். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். ஒரு மழை பெய்தால் களியாகிவிடும். உள்ளங்கை அகல ஜாக்கி அடி அதில் நிற்குமா? காலையில் நேராக நின்ற ஜாக்கி, காபி குடித்துவிட்டு வருவதற்குள் சாய்ந்திருக்கும். ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை போடுங்கள். தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்குங்கள். ஸ்டாண்டுக்கும் பலகை வேண்டும். வீடு கட்டி மிஞ்சிய ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். அது விரிசல் காட்டி எச்சரிக்காது, ஒரேயடியாக நொறுங்கும். கழற்றிய சக்கரத்தைச் சும்மா சுவரில் சாய்த்து வைக்காமல் வண்டிக்கு அடியில் படுக்க வையுங்கள். எல்லாம் தவறினாலும் வண்டி அதன்மேல் உட்காரும், உங்கள் மேல் அல்ல.

பிரேக் ஆயில் பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பழைய ஆயிலைக் கிணற்றடியில் கொட்டாதீர்கள்.

வேலை முடிந்ததும் இராஜபாளையம் சாலையில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பிவிட வேண்டாம். முதல் மிதியில் பெடல் தரைவரை போகும். கெட்டியாகும்வரை மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, அது பிடிக்கிறதா பார்த்த பிறகுதான் முன் சக்கரத்துக் கல்லை எடுக்க வேண்டும்.