கூம்பும் கொடிமரமும்

சங்க நூல்களைப் பயிலும் முதுகலை மாணாக்கர் சிலர், கூம்பு என்னுஞ் சொல்லுக்குக் கொடிமரம் என்று பொருளெழுதக் காண்கின்றோம். விழுப்புரம், திண்டிவனம் முதலிய உள்நாட்டூர்களிலிருந்து வருவார்க்கு இஃது எளிதில் நேரக்கூடிய பிழை. அவர்கள் அடிக்கடி காண்பது கோயில்முன் நிற்குங் கொடிமரம். பாய்விரித்தோடும் கப்பலை அவர்களுட் பெரும்பாலார் கண்டதில்லை. ஆதலின் உச்சியிற் கொடி பறக்கும் நெடுமரம் யாதாயினும் அதனைக் கொடிமரமென்றே கொண்டுவிடுகின்றனர். பிழை சிறிதெனத் தோன்றினும், அதனால் ஒரு புறப்பாட்டின் கருத்தே கெடுகின்றது. ஆகவே இச்சொற்களை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கூம்புதல் என்பது குவிதல். மலர் கூம்பும், தொழுவார் கை கூம்பும். அடி பருத்து, மேற்செல்லச் செல்லச் சிறுத்துக் குவிந்த வடிவுடைமையால் கப்பலின் மரம் கூம்பெனப் பெயர் பெற்றது என்று கொள்ளலாம். இன்று பள்ளிப் பிள்ளைகள் கணக்கு நூலில் இச்சொல்லை வேறொரு வடிவின் பெயராகக் கற்கின்றனர். அங்கும் குவிதற்பொருள் மாறவில்லை. கூம்பிற் கட்டி விரிப்பது பாய். அதற்கு இதை என்றும் பெயருண்டு. வகுப்பில் ஒரு மாணாக்கர் இச்சொல்லை ‘இதனை’ என்று படித்துப் பொருள்கொள்ள முயன்று நெடுநேரம் இடர்ப்பட்டார். வழக்கிறந்த சொல்லும் வழக்கிலுள்ள சொல்லும் ஓருருவாய் நிற்குமிடத்து ஆசிரியர் முன்னரே எச்சரித்தல் வேண்டும். அன்று அதனைச் செய்யாதது எம் குறையே.

இனிப் புறநானூற்றின் 30ஆம் பாட்டை நோக்குவாம். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது அது. அதன் இறுதிப்பகுதியில், புகாரின் ஆற்றுமுகத்துட் புகும் பெருங்கலம் கூம்பையும் மேற்பாயையும் களையவில்லை, பாரத்தைக் குறைக்கவுமில்லை, வந்தபடியே உட்புகுந்தது என்கின்றார் புலவர். ஆழமற்ற ஆற்றுவாயிற் பெருங்கலம் புகவேண்டின் பாயை இறக்கி, மரத்தைக் களைந்து, சுமையைச் சிறுகலங்களுக்கு மாற்றிய பின்னரே புகுதல் இயலும். புகார்த்துறையோ அவற்றுள் ஒன்றும் வேண்டாத ஆழமுடையது. இதுவே புலவர் கூறும் துறைச்சிறப்பு. கூம்பு என்பதற்குக் கொடிமரம் என்று பொருள்கொண்டால் இச்சிறப்பு முற்றும் மறைகின்றது. கொடி கட்டிய கம்பைக் களைவதனாற் கப்பலின் விரைவு குறையுமோ, ஆழம் குறைந்த நீரில் அது மிதக்குமோ? அன்றியும், பழங்கலங்களின் கூம்பு களையத்தக்கதாய் இருந்தது என்னும் அரிய செய்தியும் இதனால் நமக்குக் கிடைக்கின்றது. நட்டபின் பெயர்த்தெடுக்கப்படாத கோயிற் கொடிமரத்தை உள்ளத்திற் கொண்டு படிப்பார்க்கு இஃது ஒருகாலும் புலனாகாது.

மணிமேகலையின் பளிக்கறை புக்க காதை மற்றொரு சான்று. மதங்கொண்ட யானைக்கு அங்கே புயலிற் சிக்கிய வங்கம் உவமையாகின்றது. கூம்பு அடியோடு முறிகின்றது, கயிறுகள் அறுகின்றன, பாய் கிழிந்து ஓலமிடுகின்றது, நீகான் நடுங்குகின்றான். அழிவன யாவும் கலத்தைச் செலுத்துங் கருவிகளே. அவ்விடத்துக் கொடியின் பேச்சில்லை. கொடி போயினும் கலம் ஓடும். கூம்பு போயின் ஓடாது. சோழமண்டலக் கரையிற் கிடைத்த சாதவாகனர் காசுகளில் இரண்டு பாய்மரங்களையுடைய கப்பல் பொறிக்கப்பட்டுள்ளமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அங்ஙனமாயின் கப்பலிற் கொடி எதற்கு? இதற்கு விடை பட்டினப்பாலையில் உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் புகார்நகரின் கொடிகளை நிரல்பட உரைக்கின்றார். தெய்வம் உறையும் வாயிற்கொடி, வாதுகுறித்து ஆசிரியர் எடுத்த கொடி, கள் விற்பார் கொடி என்பனவற்றோடு நாவாயின் கூம்புமேற் பறக்குங் கொடியும் எண்ணப்படுகின்றது. கட்டுத்தறியை அசைக்கும் யானைபோலத் துறையில் அசைந்து நிற்கும் நாவாய்கள் அவை. (பட்டினப்பாலையிற் கலத்திற்கு யானை உவமை, மணிமேகலையில் யானைக்குக் கலம் உவமை.) அக்கொடிக்கு நசை என்னும் அடை கொடுக்கின்றார் புலவர். நசையாவது விருப்பம். யாருடைய விருப்பம்? கரையில் நிற்கும் வணிகருடைய விருப்பம் என்பதே எம் கருத்து. அடுத்து வருவது கள்விலைக்கொடி ஆதலின், இரண்டும் வாங்குவாரை அழைக்குங் கொடிகளாகக் கொள்ளுதல் பொருந்தும். கப்பற்கொடி ஒரு நாட்டின் அடையாளமாய் நிற்கும் இக்கால வழக்கை அப்பாட்டில் ஏற்றிப் பொருளுரைத்தல் ஆகாது. அன்றியும், கொடி கூம்பின்மேலேயே பறந்தது. தனியே ஒரு கொடிமரம் அங்குக் கூறப்படவில்லை.

திண்டிவனத்தார்க்கு இவ்வாராய்ச்சி அயலானதன்று. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடனது கிடங்கில் இன்று அந்நகரின் ஒரு பகுதி. அவனது எயிற்பட்டினம் கிழக்கே கடற்கரையிலுள்ள மரக்காணம் என்பர் ஆராய்ச்சியாளர். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த ‘எரித்திரையக் கடற் பெரிப்ளூசு’ என்னுங் கிரேக்க நூல் கூறும் சோபட்மா என்னுந் துறையும் இதுவே என்பது அவர்தம் துணிபு. சோ, எயில் இரண்டும் அரணைக் குறிக்குஞ் சொற்கள். ஆனால் நத்தத்தனார் எயிற்பட்டினத்தைப் பாடுமிடத்துக் கலமுமில்லை, கூம்புமில்லை, கொடியுமில்லை. உறங்கும் ஒட்டகம்போற் கிடக்கும் நறுமண மரங்களை அலை கொணர்ந்து ஒதுக்க, நுளைமகள் அவற்றை விறகாக எரிக்கின்றாள். கப்பலைக் கூறாமலே கடல்கடந்த தொடர்பை உணர்த்தும் பகுதியாக அதனை யாம் படிக்கின்றோம்.

பிற்காலத்தே கூம்பும் இதையும் வழக்கொழிந்து, பாய்மரமும் பாயும் நின்றன. மாலுமி, சுக்கான் என்னும் அரபுச் சொற்களும், நங்கூரம் என்னும் பாரசீகச் சொல்லும் கப்பல்வழியே வந்து தமிழிற் கலந்தன. பாய்க்கும் பாய்மரத்திற்கும் கொடிக்குமோ தமிழ்ச்சொற்களே நிலைத்தன. இக்காலக் கப்பலின் பின்புறத்தில் தனியே நட்டு நாட்டுக்கொடி ஏற்றுங் கம்பைக் கொடிமரம் எனலாம். அப்பெயரைச் சங்கக் கலத்தின் கூம்பிற்கு ஏற்றுதல்தான் தவறு.

அண்மையில் மாணாக்கருடன் மரக்காணக் கடற்கரைக்குச் சென்றிருந்தோம். அங்குள்ள படகுகள் இன்று எண்ணெய்ப்பொறியால் ஓடுகின்றன. முதிய மீனவர் ஒருவர், தம் இளமையிற் பாய்விரித்தோடிய கட்டுமரத்தைப் பற்றிக் கூறினார். கரை அணுகியதும் முதலிற் செய்வது யாது என்று வினவினோம். “பாயைச் சுருட்டி மரத்தைக் கழட்டிப் படுக்க வைப்போம்” என்றார். கொடி உண்டோ என்று ஒரு மாணாக்கி கேட்டார். பெரியவர் கடலைச் சுட்டினார். வலை கிடக்கும் இடம் தெரிதற்பொருட்டு மிதவையில் நட்ட கழியொன்றின் உச்சியிற் கறுப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது.