ஏரிக்கரைக்கு ஒரு குட்டிக் காவலாளி!

தூங்கித் தூங்கி விழிக்கும் கடிகாரத்தின் கதை

மதுராந்தகம் ஏரியின் முழு அளவு 23.3 அடி. ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் கிளியாற்றில் பாயும். கிளியாறு பாலாற்றில் கலக்கும்.

இந்த ஏரிக்கு ஒரு பழைய கதை உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செங்கற்பட்டுச் சீமையின் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ் துரை. ஒரு மழைக்கால இரவு. கரை உடையுமோ என்ற கவலையில் துரை அங்கே போனார். வில்லும் அம்புமாக இரண்டு வீரர்கள் கரையைக் காத்து நிற்பதைக் கண்டார். இது ஊரார் சொல்லும் கதை. அதனால்தான் இங்குள்ள பெருமாளுக்கு "ஏரி காத்த ராமர்" என்று பெயர்.

இன்று அளவுகளைக் குறித்து அனுப்ப வேறு ஒரு காவலாளியும் வந்திருக்கிறான். கட்டைவிரல் நகம் அளவுதான் இருப்பான்!

யார் இந்தக் காவலாளி?

அவன் பெயர் மைக்ரோகண்ட்ரோலர். சின்னஞ்சிறு கம்ப்யூட்டர் என்று சொல்லலாம். துணி துவைக்கும் மெஷினில் இருப்பதும் இதுதான். ஏரி, ஆறு, மழைமானி ஆகியவற்றின் அளவுகளைக் குறித்துக்கொள்ளும் தானியங்கிக் கருவிகளிலும் இது வேலை செய்கிறது.

மழைக்கு இரவு, பகல் கிடையாது. 2015 டிசம்பர் 2-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட இரவில் மணிக்கு மணி அளவு தெரிந்தால்தான் கரையோரத்துக் குடும்பங்களை முன்கூட்டியே எழுப்ப முடியும்.

ஆனால் கரையில் மின்சாரம் இருக்காது. பாட்டரிதான் துணை. கருவி சதா விழித்திருந்தால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போடலாம். ஒரு பாட்டரி 100 மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். 4 நாளில் அது காலி! அதே கருவி மணிக்கு 5 வினாடி மட்டும் விழித்தால் போதுமென்றால், 720-ல் ஒரு பங்கு நேரந்தான் வேலை. தூக்கத்திலும் கொஞ்சம் மின்சாரம் செலவாகும். ஆனாலும் பாட்டரி மாதக்கணக்கில் தாங்கும்.

எழுப்புவது யார்?

தூங்குகிறவனை எழுப்ப ஆள் வேண்டுமே! அதற்குத்தான் கடிகாரச் சில்லு. பொத்தான் போன்ற ஒரு சிறு பாட்டரி அதற்குத் தனியாக உண்டு. பெரிய பாட்டரி போனாலும் கடிகாரம் நிற்காது.

சில்லுக்கு உயிர் குவார்ட்ஸ் படிகம். அது வினாடிக்கு 32,768 தடவை அதிரும். அந்த எண்ணைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, இப்படி 15 முறை செய்தால் 1 வரும். அதுதான் ஒரு வினாடி!

"7 மணிக்கு எழுப்பு" என்று அலாரம் வைத்தால், சில்லு நேரத்தை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 7 ஆனதும் மணி அடிக்காது. ஒரு கம்பியில் மின் அழுத்தத்தை இறக்கும். அந்தச் சைகையில் காவலாளி விழிப்பான். தண்ணீரை அளப்பான், குறிப்பான், செல்போன் வழியாக அனுப்புவான். 8 மணிக்கு அலாரம் வைத்துவிட்டுத் தூங்குவான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அலாரம் அடித்ததும் சில்லுக்குள் ஓர் அடையாளக் கொடி ஏறி நிற்கும். அதை இறக்க மறந்தால் மறுபடி சைகை வராது. காவலாளி ஒரேயடியாகத் தூங்கிவிடுவான்!

வெயிலும் ஒரு பகை

சாதாரணப் படிகம் ஆண்டுக்குச் சுமார் 10 நிமிஷம் பிசகலாம். அக்கினி நட்சத்திர வெயிலில் இரும்புப் பெட்டி கொதித்தால் கடிகாரம் மெதுவாகும். டி.எஸ். 3231 என்ற சில்லு 64 வினாடிக்கு ஒரு தடவை தன் சூட்டை அளந்து, தானே திருத்திக்கொள்ளும். 40 டிகிரி வரை, ஆண்டுக்கு ஏறத்தாழ 1 நிமிஷந்தான் அதில் பிசகும்.

நேரம் வைக்கும் மனிதரும் கவனமாக இருக்க வேண்டும். நம் நாட்டில் ஒரு நாள் மழைக் கணக்கு காலை 8.30 மணிக்கு முடிகிறது. உலகப் பொது நேரத்தில் அது 3 மணி. "3 மணிக்குக் கணக்கை முடி" என்று உத்தரவு போட்டுவிட்டு, கடிகாரத்தில் இந்திய நேரத்தை வைத்தால், விடியற்காலை 3 மணிக்கே கணக்கு முடிந்துவிடும். அதன் பிறகு 8.30 வரை பெய்யும் மழை மறுநாள் கணக்கில் போய்விடும்!

பொத்தான் பாட்டரி தீர்ந்திருக்கும்போது பெரிய பாட்டரியையும் கழற்றினால், அந்தச் சில்லு பழையதை மறந்துவிடும். திரும்ப மின்சாரம் வந்ததும் 2000 ஜனவரி 1-ந் தேதியிலிருந்து எண்ணத் தொடங்கும். ஆகவே ஐப்பசி மழை தொடங்கும் முன்பே பெட்டியைத் திறந்து, பொத்தான் பாட்டரியை மாற்றி, மணி சரிதானா என்று ஒரு முறை பார்ப்பது நல்லது. தூங்குகிற காவலாளியை மழை வந்த பிறகு எழுப்பிப் பயனில்லை!