தண்ணீர் போன பக்கம், ரேகை போன பக்கம்

மதுரைக்கு வடகிழக்கே மேலூர், மேற்கே உசிலம்பட்டி. அங்கே நாட்டுக் கள்ளர், இங்கே பிரமலைக் கள்ளர். தாது வருடப் பஞ்சம் இரண்டு சீமையையும் ஒன்றுபோலத்தான் உலுக்கியது. இரண்டுமே வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் சோறு, இல்லாவிட்டால் பிழைப்புக்கு ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

1895-இல் பொறியாளர் பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை திறந்தது. அரபிக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையில் கலந்து, பேரணையில் கால்வாய்க்குள் திரும்பியது. அந்தக் கால்வாய் கள்ளந்திரி தாண்டி மேலூருக்குப் போனது. உசிலம்பட்டி மேட்டு நிலம், அங்கே தண்ணீர் ஏறவில்லை.

நூறாண்டுக் கதையின் முக்கால்வாசி இந்த மேடு பள்ளத்தில் அடங்கிவிடுகிறது. தண்ணீர் கிடைத்த மேலூர்க்காரர்கள் நெல் விவசாயிகள் ஆனார்கள். தண்ணீர் கிடைக்காத மேற்குச் சீமைக்கு அதே அரசாங்கம் கொடுத்தது குற்றப் பழங்குடிச் சட்டம். ஜனங்கள் வாயில் அது ‘ரேகைச் சட்டம்’. 1914-இல் கீழக்குயில்குடியில் தொடங்கி, சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் எல்லோர் மீதும் பாய்ந்தது. வயதுவந்த ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். ராத்திரியில் போலீஸ் சொன்ன இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ‘ராதாரிச் சீட்டு’ வாங்க வேண்டும். பொண்டாட்டிக்குப் பிரசவ வலி என்றாலும் சட்டத்துக்குக் காது கிடையாது. குற்றம் செய்தவனைப் பிடிப்பது போய், பிறந்தவனையெல்லாம் பிடிக்கிற சட்டம் அது.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிக்குத் தெற்கே பெருங்காமநல்லூருக்கு ரேகை எடுக்கப் போலீஸ் படை வந்தது. ஊர் மறித்து நின்றது, மாட்டோம் என்றது. துப்பாக்கி வெடித்தது. ஊர் வைத்திருக்கும் நினைவுத்தூணின் கணக்குப்படி செத்தவர்கள் 16 பேர். அதில் ஒரே பெண் மாயக்காள். குண்டடி பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் என்று ஊரில் சொல்வார்கள். ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்து ஓராண்டு நிறையப் பத்து நாள் இருந்தது. அந்தப் பெயர் நாட்டுக்கே தெரியும். இந்த ஊர்ப் பெயர் மதுரை நகரத்துக்குள்ளேயே பலருக்குத் தெரியாது.

பிரமலைக் கள்ளருக்காக வழக்காடிய வக்கீல் ஜார்ஜ் ஜோசப், செங்கன்னூரில் பிறந்த மலையாளி. கோட்டில் ரோசாப்பூ செருகியிருப்பாராம், ஜனங்கள் ‘ரோசாப்பூ துரை’ ஆக்கிவிட்டார்கள். பிள்ளைகளுக்கும் ரோசாப்பூ என்று பெயர் வைத்தார்கள். வக்கீல் பீஸ் இதைவிடப் பெரிதாக யாருக்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை. பிறகு முத்துராமலிங்கத் தேவர் முதலான பலர் போராடி, சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் சட்டம் ஒழிந்தது. மிச்சமாக நின்றவை கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். கண்காணிக்க வந்த ஏற்பாட்டின் ஓரமாக முளைத்தவைதான். ஆனாலும் உசிலம்பட்டிப் பக்கத்துத் தலைமுறைகள் பல அங்கேதான் எழுத்துக் கற்றன.

மேலூர்ப் பக்கம் தண்ணீர் வந்ததால் எல்லாம் சரியாகிவிடவில்லை. தும்பைப்பட்டியில் 1908-இல் பிறந்த கக்கன், 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயரோடு, தலித்துகளுக்குத் தடை இருந்த மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர். 1959-இல் வைகை அணை திறந்தபோது பொதுப்பணித் துறை அமைச்சர் அவர்தான். கால்வாய்ச் சீமையிலிருந்து வந்த ஒரு தலித் பிள்ளை அந்த அணைக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்ததை மேலூர் இன்னும் சத்தமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதே மேலூர் வட்டத்தில்தான் மேலவளவு இருக்கிறது. ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது பொறுக்காமல், 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்துத் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். வயலை நனைத்த தண்ணீர் சாதியைக் கரைக்கவில்லை.

இன்று? கள்ளந்திரி வரை இருபோகம், 45,041 ஏக்கர். அதற்குக் கீழே மேலூர்ப் பகுதி ஒருபோகம், 85,563 ஏக்கர். கடைமடைக்காரர் ஷட்டர் திறக்கும் தேதிக்காகப் பெரியாறு, வைகை இரண்டு அணைகளின் அடிக்கணக்கையும் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருப்பார். இடையில் கிரானைட் குவாரிகள் வந்து குன்றுகளை அறுத்துக்கொண்டு போயின. கண்மாய்களும் வரத்துக் கால்வாய்களும் மண்மேடாயின. மதுரை ஆட்சியராக இருந்த சகாயம் அந்தக் குவாரி முறைகேட்டைத் தோண்டி எடுத்தது தனிக் கதை.

2024 நவம்பரில் அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி வட்டாரத்தில் 2,015 ஹெக்டேருக்கு மேல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தபோது மேலூர் விழித்துக்கொண்டது. அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். தமிழிக் கல்வெட்டு, சமணர் படுகை, பாண்டியர் குடைவரை, லகர் வல்லூறு எல்லாம் ஒரே குன்றைச் சுற்றி. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமை அஞ்சலகம் வரை ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். முன்னால் நின்றவர்கள் ஒருபோகப் பாசன விவசாயிகள். கால்வாய்த் தண்ணீருக்காகக் கூடிப் பழகியவர்களுக்கு மலைக்காகக் கூடுவது சிரமமாக இல்லை. ஜனவரி 23-இல் ஏலம் ரத்தானது.

உசிலம்பட்டிக்கும் ஒருவழியாக 58 கிராமக் கால்வாய் வெட்டப்பட்டது. சோதனைக்குத் தண்ணீர் விட்டது 2018-இல், அதாவது மேலூர் பெரியாற்றுத் தண்ணீரைக் கண்டு நூற்றிருபது வருடத்துக்கும் மேல் கழித்து. அதுவும் 71 அடி வைகை அணையில் 67 அடி நின்றால்தான். நின்ற வருடங்களில்கூடத் திறக்கச் சொல்லிச் சாலையில் உட்கார வேண்டியிருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளை அகழாய்வு பார்க்கக் கீழடிக்குக் கூட்டிப்போகிறீர்கள், நல்லது. அடுத்த முறை பெருங்காமநல்லூருக்கும் ஒரு பேருந்து பிடியுங்கள்.